3 மி.மீ. துளையா, 5 மி.மீ. துளையா?

கேள்வி: எனக்கு வயது 34. வலது சினைப்பையில் 6 செ.மீ. டெர்மாய்டு கட்டி இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்து எடுத்துவிடலாம் என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒருவர், '3 மி.மீ. கருவியில் செய்கிறேன், தழும்பே தெரியாது' என்கிறார். இன்னொருவர் வழக்கமான 5 மி.மீ. போதும் என்கிறார். துளை சின்னதானால் வலியும் குறையும்தானே? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு வரும் வலியில் தோலில் போட்ட துளைகளின் பங்கு ஓரளவுதான். வயிற்றை உப்பவைக்க கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துகிறோம். அது உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துவதால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கும். (வயிற்றில்தானே ஆபரேஷன், தோள் ஏன் வலிக்கிறது என்று கேட்காதவர்கள் குறைவு.) உள்ளே வெட்டிப் பிரித்த இடத்தின் வலி வேறு. கருவி மெலிந்தாலும் இந்த இரண்டும் இருக்கத்தான் செய்யும். இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் சிலவற்றில் முதல் நாள் வலி கொஞ்சம் குறைவு. மற்றவற்றில் வித்தியாசமே இல்லை. ரத்த இழப்பிலும் சிக்கல்களிலும்கூட இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தழும்பு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வது சரி. 3 மி.மீ. துளைக்குத் தையல்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. ஒட்டும் பட்டை போதும். சில மாதங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். காயம் பட்டால் தடித்துப் போகும் தோல் உங்களுக்கு என்றால் இது முக்கியமாகலாம்.

இப்போது உங்கள் கட்டிக்கு வருவோம். டெர்மாய்டு என்பது சும்மா நீர்க்கட்டி இல்லை. உள்ளே கொழகொழவென்று கொழுப்பும் முடியும் இருக்கும், சமயத்தில் பல்கூட இருக்கும். அது வயிற்றுக்குள் சிந்தி அங்கேயே தங்கிவிட்டால் வயிற்றின் உட்சவ்வு அழற்சியடையலாம். அபூர்வம்தான், ஆனாலும் சிந்திவிட்டால் விடமாட்டோம். வெதுவெதுப்பான சலைன் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி உறிஞ்சுவோம். 3 மி.மீ. குழாயில் இந்தக் கொழுப்பை உறிஞ்சுவதற்குள் பொறுமை போய்விடும், முடி வந்து அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், பிரித்த கட்டியை வெளியே எடுக்க வேண்டுமே? அதை ஒரு பைக்குள் போட்டுத்தான் எடுப்போம். அந்தப் பை 3 மி.மீ. துளையில் நுழையாது. ஆகவே தொப்புளில் 10 மி.மீ. அளவில் ஒரு துளை அநேகமாக இருக்கத்தான் போகிறது. (பிறப்புறுப்பின் வழியாக எடுப்பவர்களும் உண்டு.) 'மினி' என்பது பக்கவாட்டுத் துளைகளுக்குத்தான் பொருந்தும். குடலிறக்கம் வராமலிருக்க உள்தசையுறையையும் சேர்த்துத் தைப்பது அந்த 10 மி.மீ. துளையைத்தான்; 3 ஆனாலும் 5 ஆனாலும் பக்கத் துளைகளில் அந்தக் கவலை மிகக் குறைவு.

கருவியின் வலு இன்னொரு விஷயம். ஒரு கம்பியின் விட்டம் 5 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. ஆனால் அதன் விறைப்பு பாதியாகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில் எட்டில் ஒரு பங்காகிவிடும். கனமான திசுவைத் தூக்கினால் வளையும், பிடி நழுவும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) முற்றி உறுப்புகள் ஒட்டிக்கிடந்தாலோ பழைய அறுவை சிகிச்சைகளால் குடல் ஒட்டியிருந்தாலோ நான் 3 மி.மீ.யைத் தொடமாட்டேன். சிறிய நீர்க்கட்டி, குழந்தையின்மைக்கான பரிசோதனை, சிக்கலில்லாத சின்ன வேலைகள் என்றால் பழகிய கைக்கு அது அருமையான கருவி.

நானாக இருந்தால் மி.மீ. கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பேன். சினைப்பையைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சையை எத்தனை செய்திருக்கிறீர்கள்? கட்டி உடைந்தால் என்ன செய்வீர்கள்? 3 மி.மீ. கருவியில் சிரமப்பட்டால் பாதியில் 5-க்கு மாறுவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் 'மாறுவேன்' என்பவரிடம் தைரியமாகப் போங்கள், அவர் எந்தக் கருவியில் தொடங்கினாலும் சரி. முன்பு சிசேரியனோ வேறு வயிற்று அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் இருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் துளையை எங்கே போடுவது என்பதே அதைப் பொறுத்து மாறும்.

எந்த முறையானாலும் வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். ஏறினாலோ, காய்ச்சல், வாந்தி, வயிறு உப்புசம் சேர்ந்து வந்தாலோ, துளை சின்னதுதானே என்று வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.