ஜங்கிளில் விழாத ஸ்மோக்

அன்புள்ள அண்ணா,

ஐவருக்கு ஐவர் மோதும் துப்பாக்கி கேமான கவுன்ட்டர் ஸ்ட்ரைக் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். தூத்துக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளித் தோழர்கள் ஐந்து பேர் ஒன்றரை வருடமாகச் சேர்ந்து அதன் புதிய பதிப்பான சிஎஸ் 2-இல், ரேட்டிங் உள்ள பிரீமியர் ஆடுகிறோம். என் கே.டி., அதாவது ஒரு சாவுக்கு எத்தனை கில் என்ற கணக்கு, 1.4. எங்களில் முதலில் உள்ளே நுழைபவனுக்கு 0.7. ரேட்டிங் ஏறவே மாட்டேன் என்கிறது.

நேற்று மிராஜ் மேப்பில், பாம் வைக்கிற டி சைடில் தொடங்கி, கைத்துப்பாக்கியோடு ஆடும் முதல் ரவுண்டான பிஸ்டல் ரவுண்ட் தோற்றோம். இரண்டாவது ரவுண்டில் மற்ற நால்வரும் எக்கோ, காசைச் சேமிக்க ஒன்றும் வாங்கவில்லை. நான் மட்டும் டீகிள் கைத்துப்பாக்கியும் கெவ்லர் கவசமும் வாங்கி இரண்டு பேரைச் சாய்த்தேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. மூன்றாவது ரவுண்டில் பாம் வைக்கும் இடங்களில் ஒன்றான ஏ சைட்டுக்குப் போனோம். 0.7 வழக்கம்போல ரேம்ப் சரிவில் இறங்கியதுமே ஜங்கிள் என்ற இடத்தில் இருந்தவனிடம் செத்தான். ரவுண்டும் போயிற்று. அவனை எடுத்துவிட்டு வேறு ஆள் சேர்க்கலாமா, இல்லை நான் தனியாகப் போய்த் தெரியாதவர்களோடு ஆடும் சோலோ கியூ போவதுதான் நல்லதா? மவுஸ் மாற்றினால் பயன் உண்டா?

ர.

*

அன்புள்ள தம்பி,

மவுஸை மாற்ற வேண்டாம்.

உங்கள் மூன்றாவது ரவுண்டைப் படித்தபோது மேலே போக முடியவில்லை. இந்தக் கணக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதை அப்படியே கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். ஒன்றரை வருடம் கூடவே ஆடிய தோழனை எப்படி "0.7" என்று எழுத மனம் வந்தது?

இப்போது ஆட்டத்துக்குள் துப்பாக்கி வாங்கக் கிடைக்கும் காசுக்கு வருவோம். பிஸ்டல் ரவுண்ட் தோற்ற அணியில் ஆளுக்கு 1,900 டாலர் கிடைக்கும். முதல் ரவுண்டுக்குக் கிடைத்த 800-ஐ எல்லோரும் செலவழித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ரவுண்டில் ஒன்றும் வாங்காமல் தோற்றால் இன்னொரு 2,400. ஆக, மூன்றாவது ரவுண்ட் தொடங்கும்போது கையில் 4,300. ஏகே ரைஃபிள் 2,700, ஹெல்மெட்டோடு கெவ்லர் 1,000, புகையால் பார்வையை மறைக்கும் ஸ்மோக் 300, கண்ணைக் கூசவைக்கும் ஃப்ளாஷ் 200. மொத்தம் 4,200. நூறு டாலர்தான் மிச்சம். எக்கோ என்பது சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்ததே இல்லை. இரண்டாவது ரவுண்டில் உங்கள் நண்பர்கள் நால்வரும் மூன்றாவது ரவுண்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? டீகிள் 700, ஹெல்மெட் இல்லாத கெவ்லர் 650. 1,900-இல் 1,350 போய் 550 மீதி. இரண்டு கில்லுக்கு 600. ரவுண்ட் தோற்றதற்கு 2,400. ஆக 3,550. ஏகேயும் முழுக் கவசமும் 3,700. இரண்டு பேரைச் சாய்த்த பிறகும் உங்களுக்கு 150 குறைகிறது. ஏகே, ஹெல்மெட் இல்லாத கெவ்லர், ஒரே ஒரு ஃப்ளாஷ் என்று வாங்கியிருப்பீர்கள். அதோடு 3,550-உம் சரியாகத் தீர்ந்துவிடும். ஸ்மோக்குக்குக் காசு இல்லை. கவசத்தை யாரும் யாருக்கும் வாங்கி டிராப் பண்ண முடியாது. துப்பாக்கியைப் பண்ணலாம், ஆனால் மற்ற நால்வரிடமும் தங்கள் செலவு போக நூறு, இருநூறுக்கு மேல் இருந்திருக்காது. யார் உங்களுக்கு உதவியிருக்க முடியும்?

மிராஜில் ஏ சைட்டை எடுக்க மூன்று ஸ்மோக் வேண்டும். எதிரி நிற்கக்கூடிய சிடி, ஸ்டேர்ஸ், ஜங்கிள் என்ற மூன்று இடங்களையும் மறைக்க. இதில் ஒன்று விழாவிட்டாலும் ரேம்ப்பில் இறங்குகிறவர் சைட்டுக்குள் இருப்பவனோடு மட்டும் மோத முடியாது. பக்கவாட்டில் திறந்துகிடக்கும் இன்னொரு கோணத்துக்கும் உடம்பைக் காட்டிக்கொண்டே போக வேண்டும். உங்கள் அணியில் ஜங்கிள் ஸ்மோக் யார் பொறுப்பு என்று கடிதத்தில் இல்லை. ஆனால் முதலில் நுழைந்த தோழர் ஜங்கிளில் இருந்தவனிடம்தான் செத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பேரும் முழுதாக வாங்கியிருந்தால் மூன்று பேர் ஆளுக்கொரு ஸ்மோக்கும் ஃப்ளாஷும், இரண்டு பேர் ஆளுக்கொரு மொலடோவ் தீக்குண்டும் ஃப்ளாஷும் எடுத்திருக்கலாம். நீங்கள் ஸ்மோக் இல்லாமல் நின்றதால், ஒன்று ஜங்கிள் திறந்திருந்திருக்கும். அல்லது மொலடோவ் எடுக்க வேண்டியவர் அதை விட்டுவிட்டு, பழகாத இடத்திலிருந்து ஸ்மோக் எறிந்து அது தள்ளி விழுந்திருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் அவரைக் கொன்ற குண்டு இரண்டாவது ரவுண்டில் நீங்கள் வாங்கிய டீகிளிலிருந்து கிளம்பியதுதான். உங்களுக்குப் பாராட்டு வரவில்லை என்று வருந்துகிறீர்கள். அவர் உங்களைத் திட்டவில்லையே, அதை யோசித்தீர்களா?

"ஆனால் எதிரி இரண்டு பேர் துப்பாக்கியை இழந்தார்களே" என்பீர்கள். ரவுண்டை ஜெயித்தது அவர்கள். கீழே விழுந்ததை உயிரோடிருந்தவர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர்களுக்கு 3,250 ஜெயித்த காசும் வந்திருக்கும். ஐந்து பேரும் பேசிவைத்து, இருந்த காசையெல்லாம் போட்டு ஃபோர்ஸ் வாங்கியிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். அது துணிச்சலான முடிவு, சில சமயம் சரியான முடிவும்கூட. ஐந்தில் ஒருவர் மட்டும் வாங்கும்போதுதான் அந்த ரவுண்டும் போய், அடுத்த ரவுண்டும் ஊனமாகிறது.

இன்னொரு இடத்திலும் இதே கணக்கு ஓடுகிறது. டி சைடில் ஆடும்போது, பாம் வைக்காமல் நேரம் முடிந்து, நீங்கள் உயிரோடு நின்றால் தோல்விக்காசு ஒரு பைசா வராது. செத்தவர்களுக்கு உண்டு. டெத் எண்ணிக்கை கூடிவிடக் கூடாது என்று கடைசி இருபது விநாடி பேலஸ் என்ற பகுதியில் ஒளிந்து நிற்கிறவரின் கே.டி. அழகாகத்தான் இருக்கும். அடுத்த ரவுண்டில் அவருக்கு யாராவது வாங்கித்தர வேண்டியிருக்கும். கையில் 4,750 டாலர் ஆவ்ப் ஸ்னைப்பர் இருந்தால் காப்பாற்றுவது சரி. பாதி தோட்டா தீர்ந்த மலிவான கேலில் ரைஃபிளைக் காப்பாற்றுவது சரியில்லை. பாமைத் தடுக்கும் சிடி சைடில் விதி வேறு. அங்கே ஒளிந்து துப்பாக்கியைச் சேவ் பண்ணினாலும் தோல்விக்காசு வரும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டு ஒளிகிறவர்கள் நிறைய.

நுழைபவர் பற்றிக் கேட்டீர்கள். அவர் வேலை சாகாமல் இருப்பது அல்ல. அவர் விழுந்தால் இரண்டு விநாடிக்குள் அவரைச் சுட்டவனும் விழ வேண்டும். அதற்குப் பெயர் ட்ரேட், அது இரண்டாவதாகப் போகிறவரின் வேலை. உங்கள் பக்கத்தில் கபடி பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கார்னர் ஆள் ரைடரின் கணுக்காலைப் பிடித்த நொடியில் பக்கத்திலிருக்கும் கவர் ஆள் ரைடர் மேல் விழ வேண்டும். விழாமல் நின்று பார்த்தால் ரைடர் கார்னர் ஆளையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவான். அப்போது ஊர் கார்னரையா திட்டும்? 1.4-உம் 0.7-உம் ஒரே அணியில் ஒன்றரை வருடம் நீடிக்கிறதென்றால், முன்னால் போகிறவர் எதிரி நிற்கும் இடத்தைத் தன் உயிரைக் கொடுத்துக் காட்டுகிறார், பின்னால் வருகிறவர் அதை அறுவடை செய்கிறார் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அறுவடை சீக்கிரம் நடந்தால் அது நல்ல ஆட்டம். ஐந்து விநாடி கழித்து, ரவுண்ட் கையைவிட்டுப் போனபின் நடந்தால் அதற்குப் பெயர் பெய்ட், தோழனை இரையாக்குவது.

ரேட்டிங் ஏறவில்லை என்கிறீர்கள். பிரீமியரில் முதல் தோட்டா சுடுமுன்பே, ஜெயித்தால் எவ்வளவு ஏறும், தோற்றால் எவ்வளவு இறங்கும் என்று திரையில் காட்டிவிடுகிறார்கள். முப்பது கில் எடுத்துத் தோற்றாலும் அதே இறக்கம்தான். உங்கள் 1.4-ஐ அந்த ரேட்டிங் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பெரிய ஆட்டங்களிலும் இதுதான் நடந்தது. 2018-இல் எச்எல்டிவி இணையதளத்தின் தரவரிசையில் உலகின் முதல் ஆட்டக்காரர் 'சிம்பிள்', உக்ரைனின் ஒலெக்சாண்டர் கோஸ்திலியேவ். கையில் அப்படியொரு திறமையைத் தனியாளிடம் பார்ப்பது அபூர்வம். அதே ஆண்டு லண்டனில் நடந்த மேஜர் என்ற பெரிய போட்டியின் இறுதியில் அவருடைய நாவி அணியை டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் 2-0 என்று வீழ்த்தியது. அஸ்ட்ராலிஸின் பெயர் ஸ்மோக், ஃப்ளாஷ், மொலடோவை எறிவதில் இருந்த ஒழுங்கால் வந்தது. அந்த அணியின் ஆண்ட்ரியாஸ் ஹோய்ஸ்லெத் பெரும்பாலும் சப்போர்ட் ஆடியவர், கடைசி ஆளாக நின்று ரவுண்டைக் காப்பாற்றுவதில் பெயர்பெற்றவர். அதே ஐவர் 2019-இல் கடோவிட்ஸ், பெர்லின் என்று மேலும் இரண்டு மேஜர்களை வென்றார்கள். சிம்பிளுக்கு மேஜர் கிடைத்தது 2021 நவம்பரில், ஸ்டாக்ஹோமில். அந்தத் தொடர் முழுவதிலும் நாவி ஒரு மேப்கூடத் தோற்கவில்லை. அவர் 2018-இலும் சிம்பிள்தான், 2021-இலும் சிம்பிள்தான். சுற்றி நின்றவர்களின் ஆட்டம்தான் வேறாக இருந்தது. 2024 மார்ச்சில் கோபன்ஹேகனில் அவர் இல்லாமலேயே நாவி இன்னொரு மேஜரை வென்றது.

இதை வைத்து எல்லாவற்றையும் சரிசமமாகப் பங்கிட வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அணிக்காக ஆடுவதென்றால் ஆளுக்கு ஒரு கவளம் என்பதில்லை. டோட்டா 2 என்ற இன்னொரு ஐவர் கேமில் ஐவருக்கும் 1 முதல் 5 வரை எண் உண்டு. ஆட்டத்துக்குள் சேரும் தங்கத்தில் யாருக்கு முதல் உரிமை என்ற வரிசை அது. 1-ஆம் ஆள் பெருந்தன்மையாக 5-ஆம் ஆளுக்கு விட்டுக்கொடுத்தால் அணி தோற்கும். உங்கள் குறி நன்றாக இருந்தால் ஆவ்ப் உங்களுக்கே வரட்டும், நண்பர்கள் காசு சேர்த்தே வாங்கித்தரட்டும். அதை நால்வரும் அறிந்து தர வேண்டும். ஆவ்ப்புக்கு ஒரு கில்லுக்கு 100 டாலர்தான் வரும், ஏகேவுக்கு 300. ஆவ்ப் வைத்திருப்பவர் ரவுண்டை ஜெயித்துத்தராவிட்டால் கடன் ஏறிக்கொண்டே போகும் என்பதையும் அறிந்து வாங்க வேண்டும்.

சோலோ கியூ போகலாம். அங்கேயும் நான்கு பேர் காசு எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள், உங்களுக்குப் பழக்கமில்லாத நான்கு பேர்.

செத்தபின் மைக்கில் என்ன பேசுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. "ஜங்கிளில் ஒருத்தன், 80 அடித்திருக்கிறேன்." அவ்வளவு போதும், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்.

இன்று இரவு ஆட வேண்டாம். நேற்றைய ஆட்டத்தின் பதிவான டெமோவை இறக்கி, உங்கள் தோழர் முதலில் விழுந்த ரவுண்டுகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். அவர் விழுந்து எத்தனை விநாடி கழித்து உங்கள் முதல் தோட்டா போனது. அவர் திரும்புமுன் உங்கள் ஃப்ளாஷ் வெடித்ததா, அவர் முகத்திலேயே வெடித்ததா, வெடிக்கவே இல்லையா. அந்த ரவுண்ட் தொடங்கும்போது உங்கள் கையில் எவ்வளவு காசு, முந்தின ரவுண்டில் நண்பர்களிடம் கேட்காமல் என்ன வாங்கினீர்கள். தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். அவரையும் கூப்பிட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.