கிரீ நாவலில் இத்தனை சொந்தங்கள் ஏன்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் கனடாவின் கிரீ பூர்வகுடியைச் சேர்ந்த ஜெசிகா ஜான்ஸின் 'பேட் கிரீ' நாவலைப் படித்தேன். வெட்டுப்பட்ட காக்கைத் தலையைக் கையில் பிடித்தபடி மெக்கன்ஸி தூக்கத்திலிருந்து எழும் தொடக்கம் பயங்கரம். ஆனால் அவள் ஊருக்குப் போனதும் அம்மா, அக்கா, சித்திகள் என்று ஒரே கூட்டம். பேய்க்கதை குடும்பக்கதையாகி நீர்த்துவிட்டது போலிருந்தது.

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு அந்தக் கூட்டம்தான் நாவல். வான்கூவரில் தனியாக இருக்கும்வரை அந்தக் காக்கைத் தலையை அவள் என்ன செய்ய முடிந்தது? சொந்த ஊரான ஹை பிரெய்ரிக்குத் திரும்பி, வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கனவைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தனக்குப் பைத்தியம் இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது. தீராப் பசி கொண்ட வீட்டிகோ என்ற பேயை எதிர்க்க ஏரிக்குப் போவதும் அவள் மட்டும் அல்ல.

கனடாவின் உறைவிடப் பள்ளிகளுக்கு 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள், 1990கள் வரைக்கும் அது நடந்தது, தாய்மொழியில் பேசினால் அடி, அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில் இருந்தாலும் சேர்ந்திருக்க விடமாட்டார்கள். மிஷெல் குட்டின் 'ஃபைவ் லிட்டில் இண்டியன்ஸ்' நாவலில் கென்னி அங்கிருந்து தப்பித்து எப்படியோ அம்மாவிடம் வந்து சேர்கிறான், ஆனால் அவள் குடியில் கரைந்துகொண்டிருக்கிறாள், அந்த வீட்டில் அவனால் இருக்க முடியவில்லை. எனக்கு ஜான்ஸின் பேயைவிட அந்த வீடுதான் அதிகம் பயம் தந்தது. இதைப் படித்துவிட்டு மெக்கன்ஸி வீட்டுச் சமையலறைக்குள் போய்ப் பாருங்கள், அங்கே இத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமாகவே தெரியாது.

அப்புறம் ஒன்று. ஆங்கிலத்தில் அவர்கள் எல்லோரும் 'ஆன்ட்டி'தான். 'சித்திகள்' என்பது நீங்களாகவே எழுதியது, அது சரியும்கூட. கிரீ மொழியில் அம்மாவின் சகோதரி 'நிகாவீஸ்', அதாவது 'என் சின்ன அம்மா'. அப்பாவின் சகோதரிக்கும் மாமியாருக்கும் 'நிசிகோஸ்' என்று ஒரே சொல், நம் அத்தை மாதிரியே. மானிடவியலாளர்கள் இந்த வகை உறவுமுறைக்கு 'திராவிட' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாவலில் வரும் 'கோகும்' கூட வெறும் பாட்டி அல்ல, 'உன் பாட்டி' என்ற சொல்லிலிருந்து வந்தது. யாருடைய பாட்டி என்று சேர்த்துத்தான் கிரீயில் பொதுவாக அந்தச் சொல்லைச் சொல்வார்கள்.

முடிந்தால் அந்தச் சமையலறைப் பகுதிகளை மட்டும் இன்னொரு முறை வாசித்துவிட்டு எழுதுங்கள்.