மூன்றாம் வசந்தத்தில் வந்த தும்மல்

கேள்வி: மெல்பர்னில் குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு வசந்த காலங்களில் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்றாம் ஆண்டு அக்டோபரில் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கின. புல் மகரந்த ஒவ்வாமை என்கிறார் மருத்துவர். அதே காற்றைத்தானே முன்பும் சுவாசித்தேன்?

பதில்: முதல் இரண்டு வசந்தங்களிலும் உங்கள் உடல் சும்மா இருந்திருக்காது, பெரும்பாலும் அப்போதுதான் அது பாடம் படித்துக்கொண்டிருந்தது. மெல்பர்னைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் வளரும் ரை புல்லின் மகரந்தத் துகள் மூக்கின் ஈரத்தில் படிந்ததும், சில நிமிடங்களில் அதிலிருந்து புரதங்கள் கசிகின்றன. உடல் அடையாளம் காண்பது அவற்றுள் சிலவற்றைத்தான். குறிப்பாக, முதல் குழு எனப்படும் புரதத்துக்கு, புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலானோரின் உடல் எதிர்வினை காட்டுகிறது. சூல்முடியின் செல் சுவரை நெகிழ்த்தி மகரந்தக் குழாய்க்கு வழி திறப்பதே புல்லில் அதன் வேலை. நம்மோடு அதற்கு ஒரு பகையும் இல்லை.

இந்த அடையாளம் காணுதல் இரண்டு கட்டங்களாக, இரண்டு விதமாக நடக்கிறது. முதற்கட்டத்தில், மூக்கின் சவ்வில் காத்திருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் புரதத்தை விழுங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுசென்று டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களிடம் காட்டுகின்றன. புரதம் இயல்பில் மடிந்த வடிவில் இருக்கும்; டி செல் பார்ப்பதோ, மடிப்புக் கலைந்த அந்தத் துண்டை மட்டுமே. ஒவ்வாமைக்கு ஆட்படும் உடலில், அதைக் கண்டுகொண்ட டி செல்கள் இன்டர்லூக்கின்-4 போன்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரக்க, அவற்றின் தூண்டுதலால் பி செல்கள் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருளை, அதாவது அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை, உருவாக்கத் தொடங்குகின்றன. (இரத்தத்தில் மிக மிகக் குறைந்த அளவே இருப்பதால், 1960-களின் பிற்பகுதி வரை இது ஆய்வாளர்களின் கைக்கு அகப்படவில்லை.) இதுவரை ஒரு தும்மல்கூட வராது. இந்த ஆயத்தத்துக்குச் சில பருவங்கள் பிடிப்பது இயல்பு.

இரத்தத்தில் சில நாட்களே தங்கும் ஐஜிஇ, மூக்கிலும் கண்ணிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் நிலைத்திருக்கும். இரண்டாம் கட்டம் இங்கேதான்: அடுத்த பருவத்தில் மகரந்தப் புரதம் வந்து சேரும்போது, அதன் மடிந்த வடிவத்தின் மேற்பரப்பையே ஐஜிஇ பற்றுகிறது. ஒரே புரதம் அருகருகே உள்ள இரண்டு ஐஜிஇக்களையாவது சேர்த்துப் பிணைத்தால்தான் மாஸ்ட் செல் அரிப்பையும் தும்மலையும் தூண்டும் ஹிஸ்டமினைக் கொட்டும். ஒன்றை மட்டும் தொட்டால் எதுவும் நேராது. பிணைத்துவிட்டாலோ, அரிப்பும் தும்மலும் நிமிடக் கணக்கில் வந்துவிடும்.

கேள்வி: விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அருகம்புல்லும் இதையே செய்யுமா?

பதில்: செய்யலாம், ஆனால் அதே அளவில் இருக்க வேண்டியதில்லை. அருகம்புல்லிலும் முதல் குழுப் புரதம் உண்டு. எனினும் அது ரை புல்லின் நெருங்கிய உறவன்று. மேற்பரப்பில் வேறுபாடுகள் இருப்பதால், ரை புல்லுக்கென உருவான ஐஜிஇக்களில் ஒரு பகுதியே அதன்மேல் பொருந்தும். ஒவ்வாமை தரும் இன்னொரு புரதமான ஐந்தாம் குழுப் புரதமோ அருகம்புல்லில் இல்லவே இல்லை. ரை புல்லில் இது மகரந்தத்தின் உள்ளே இருக்கும் மாவுத் துகள்களோடு சேர்ந்திருக்கிறது. மழை ஈரத்தில் மகரந்தம் வெடித்து அந்த நுண்துகள்கள் வெளிவந்தால், மூக்கோடு நின்றுவிட வேண்டிய சரக்கு நுரையீரல் வரை போய்விடும். 2016 நவம்பர் 21 அன்று உங்கள் நகரில் பத்துப் பேரைப் பலிகொண்ட இடிமழை ஆஸ்துமா அப்படி நேர்ந்ததுதான் என்பதே பரவலான விளக்கம். அன்று மூச்சுத் திணறியவர்களில், அதற்கு முன் ஆஸ்துமாவே இல்லாமல் உங்களைப் போலத் தும்மிக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் பலர். எனவே வசந்தம் தொடங்குமுன் மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள். அருகம்புல்லுக்குத் தனியாகத் தோல் பரிசோதனை உண்டு. மெல்பர்னில் அதை பெர்முடா புல் என்று கேட்க வேண்டும்.