உம்மாவுக்குக் குழாய் வேண்டுமா?

சகோ, 84 வயது உம்மாவுக்கு இனி சில நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், சாப்பாடு இறங்கவில்லை, மூக்கில் குழாய் போடாவிட்டால் பட்டினி போட்ட பாவமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. அடங்கிக்கொண்டிருக்கும் உடம்பு பெரும்பாலும் பசியை உணராது; வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடலாம், அதுதான் வேதனை.

கீழக்கரையில் எங்கள் வாப்பாவுக்குப் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவோம். ஒருநாள் மீன் ஆணம் (குழம்பு) கேட்டார். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன், சப்புக்கொட்டினார். அவ்வளவுதான் அன்றைய சாப்பாடு.

வீட்டுக்குக் கூட்டிவருவதானால், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசுங்கள். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வலியையும் அவதியையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார். வலி இருந்தால் மார்பின் என்ற வலிநீக்கி மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்; அடிமையாகிவிடுவார் என்ற பயமெல்லாம் இந்த நேரத்தில் வேண்டாம். அப்புறம், உங்கள் காக்காவையும் (அண்ணனையும்) பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.