வாசகர் கேள்வி–பதில்: பழைய காரும் துருப்பிடித்த தகடும்

கேள்வி: என் தந்தை 1960களில் வாங்கிய காரைச் சீரமைத்து வருகிறேன். பின்சக்கர வளைவிலும் கதவின் அடிப்பகுதியிலும் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் ஒருவர். தகட்டை வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: பெயிண்டை நீக்கிப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் இரண்டு இடங்களையும் வைத்துப் பார்த்தால், வெட்டச் சொன்னவர் பக்கமே நியாயம் இருக்கும் என்று நினைக்கிறேன். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைப் போலப் பல மடங்கு இடத்தை எடுத்துக்கொள்கிறது; அந்த உப்பல்தான் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. சக்கர வளைவில் உள்தகடும் வெளித்தகடும் ஒன்றாக மடிந்து சேரும் விளிம்பிலும், கதவின் வெளித்தகடு உட்சட்டத்தின் மேல் மடித்து அழுத்தப்பட்ட அடிவிளிம்பிலும் சேறும் ஈரமும் தங்கிவிடும். கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று விட்ட துளைகள் தூசியாலும் மட்கிய ரப்பர் துணுக்குகளாலும் அடைபட்டால், கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் உள்ளேயே தேங்கிக் கிடக்கும். ஆகவே இந்த இடங்களில் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் கொப்புளம் தெரியும் நேரத்தில் உட்புறம் ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கும்.

முதலில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்திப் பாருங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் முன்பு யாரோ கனமாகப் பட்டி போட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பிறகு கொப்புளத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்காவது பெயிண்டை நீக்கி, தகடு பளிச்சென்று தெரியும்வரை வயர் பிரஷால் தேயுங்கள். கூர்மையான ஆணியால் அழுத்தினால் நல்ல தகடு எதிர்த்து நிற்கும். அரிபட்ட தகடு நொறுங்கி உள்வாங்கும். இருட்டிய பிறகு உட்புறத்தில் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து பாருங்கள். கெட்டியாகத் தோன்றிய தகட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், அந்தப் பகுதியைக் காப்பாற்ற முடியாது. மேற்பரப்பில் மட்டுமே செம்மை படிந்திருந்து, தேய்த்ததும் முழுக் கனத்தோடு தகடு வெளிப்பட்டால் வெட்ட வேண்டியதில்லை.

ஓட்டையின் மேல் பட்டி போட்டு மூடுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பின்புறம் திறந்தே இருப்பதால் நீர் அதன் வழியாகத் தகட்டை அடைந்து, கண்ணுக்குத் தெரியாமல் அரிப்பைத் தொடரச் செய்யும்.

கேள்வி: துருவைக் கறுப்பாக மாற்றும் திரவத்தைப் பூசினால் தேய்க்கும் வேலையே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: அந்தத் திரவங்களில் பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். முன்னது துருவைக் கருநீலமான இரும்பு டானேட்டாகவும், பின்னது இரும்பு பாஸ்பேட்டாகவும் மாற்றுகின்றன. எட்டிய இடத்தில் மட்டுமே இந்த மாற்றம் நடக்கும். செதில் செதிலாகப் படிந்த துருவின் அடிவரை திரவம் இறங்காது, மடிப்புக்குள் நுழையவும் செய்யாது. தளர்ந்த துரு முழுவதையும் தேய்த்து எடுத்த பிறகு, குழிகளின் அடியில் பிரஷ் எட்டாமல் நிற்கும் மிச்சத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மேலே அடிக்கப்போகும் பிரைமர் அந்தத் திரவத்தோடு ஒத்துப்போகுமா என்பதை இரண்டு டப்பாக்களின் குறிப்புகளிலும் படித்துவிட்டுத் தொடங்குங்கள். சில எபாக்சி பிரைமர்கள் அமில மிச்சத்தின் மேல் சரியாக ஒட்டுவதில்லை.

கேள்வி: வெட்டி எடுத்த இடத்தில் புதிய தகட்டை வெல்டிங் செய்தேன். சுற்றியுள்ள பகுதி முழுவதும் அலை அலையாக நெளிந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் ஒரே இழுப்பில் நீளமாக வெல்டு ஓட்டியிருப்பீர்கள். பழைய கார்களின் வெளித்தகடு ஏறத்தாழ 0.8 முதல் 1 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, பக்கத்துத் தகட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்புதான் நெளிவாகத் தெரிகிறது.

மிக் வெல்டிங் (வாயுக் காப்பில் கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்) என்றால் 0.6 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவும் மெல்லிய தகட்டுக்கு ஏற்றவை. துருவின் எல்லையைத் தாண்டி, முழுக் கனமுள்ள தகடுவரை வெட்டுங்கள். அட்டையில் அச்சு எடுத்து, அதே கனமுள்ள தகட்டில் ஒட்டுத்துண்டை வெட்டி, மூலைகளை வளைவாக்குங்கள். துண்டை மேலே ஏற்றி வைக்காமல் விளிம்போடு விளிம்பு சேர்ப்பது நல்லது, ஏனென்றால் ஏற்றி வைத்த இடுக்கு மீண்டும் ஈரம் தங்கும் இடமாகிவிடும். ஒரு புள்ளி வைத்ததும் எதிர்ப்பக்கத்துக்குப் போய் அடுத்த புள்ளியை வையுங்கள். முதல் சுற்றில் புள்ளிக்குப் புள்ளி 25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே இடையில் அடுத்தது. முழுவதும் சேர்ந்த பிறகு கிரைண்டரால் தேய்க்கும்போதும் இதே பொறுமை வேண்டும், அந்தச் சூடும் தகட்டை நெளிக்கும். இப்போது நெளிந்துவிட்டதைப் பெருமளவு மீட்கலாம்: பின்புறம் இரும்பு அண்டை கொடுத்து, வெல்டின் மேலேயே சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சுருங்கிய உலோகம் சற்றே விரிந்து கொடுக்கும்.

கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி வடிவத் தகட்டை மட்டும் இப்படித் தனியாக வெட்டத் துணியாதீர்கள். தனிச் சேஸி (அடிச்சட்டம்) இல்லாத கார்களில் வண்டியின் பாரத்தைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டு செய்து, சமதளத்தில் வண்டிக்கு முட்டுக் கொடுத்து, கதவின் இடைவெளிகளை அளந்து குறித்த பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை முடிந்ததும் கதவு மூடாது.

பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பெட்ரோல் டேங்க்கையும் குழாய்களையும் வண்டியிலிருந்து அகற்றுவதும் கட்டாயம். டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளிருக்கும் ஆவி வெடிக்கக்கூடியது. வண்டியின் அடிப்பாகத்தில் பூசிய காப்புப் பூச்சும் தரைவிரிப்பும் மறைவில் புகைந்து பிறகு பற்றிக்கொள்ளும் என்பதால், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், வெல்டிங் முடிந்து ஒரு மணி நேரமாவது வண்டியை விட்டு நகராதீர்கள். பழைய பெயிண்டிலும், தொழிற்சாலையிலேயே பூசிய இணைப்புகளிலும் ஈயம் இருக்கக்கூடும். முகமூடி இல்லாமல் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள்.

கேள்வி: சின்னப் பாகங்களை மின்சாரத்தால் துரு நீக்கலாமா?

பதில்: நீக்கலாம். வாஷிங் சோடா கரைத்த நீரில் பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், உபயோகமற்ற சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒருபோதும் வைக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மங்கள் நீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளுக்கும் கடினமாக்கப்பட்ட போல்ட்டுகளுக்கும் இந்த முறை வேண்டாம், அவை உடையும் தன்மை பெற்றுவிடலாம்.

கேள்வி: பட்டிக்கு முன் பிரைமரா, பிரைமருக்கு முன் பட்டியா?

பதில்: தகட்டைச் சுத்தம் செய்த அன்றே, எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமரை அடியுங்கள், ஈரப்பதமான நாளில் வெறும் தகடு சில மணி நேரத்திலேயே மீண்டும் செம்மை பூக்கத் தொடங்கும். பட்டியை அதன் மேல் மெல்லியதாகப் போட வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் தகட்டைத் தட்டிச் சமப்படுத்தும் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். இரண்டு பாகப் பெயிண்டின் ஹார்டனரில் (பெயிண்டை இறுகச் செய்யும் திரவத்தில்) நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருந்தால் சாதாரணத் துணி முகமூடி உதவாது; வெளியிலிருந்து தூய காற்று தரும் முகமூடி இல்லாதவர்கள் அந்த வேலையைப் பெயிண்ட் பட்டறையிடமே விட்டுவிடுவது நல்லது.

பெயிண்ட் நன்கு காய்ந்த பிறகு, கதவின் உட்புறத்திலும் பெட்டித் தகடுகளுக்குள்ளும் நீண்ட குழாய் முனையால் மெழுகுக் கலவையைத் தெளியுங்கள். அது வழிந்து நீர் வடியும் துளைகளை அடைத்துவிடும். ஒரு கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்தித் திறந்த பிறகே கதவின் உள்பலகையைப் பொருத்துங்கள்.