எழுந்ததும் கண் இருட்டுவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. புரோஸ்டேட் தொந்தரவுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கிளினிக்கில் பிரஷர் 138/80தான். இரவில் பாத்ரூம் போக எழுந்தால் கண் இருட்டித் தள்ளாடுகிறார். பிரஷர் ஏறுவதாலா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: ஏறுவதால் அல்ல, எழுந்ததும் இறங்குவதால் இருக்கவே வாய்ப்பு அதிகம். உட்கார வைத்து எடுத்த அளவில் அது தெரியாது.

எழுந்து நின்றால் 500 முதல் 800 மில்லி ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்முனைகள், தமனிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று ஒவ்வொரு துடிப்பிலும் மூளைத் தண்டின் அடியிலுள்ள முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லும் நரம்பணுக்கள் அங்கே எந்நேரமும் வேலை செய்கின்றன. அழுத்தம் கூடினால் பக்கத்து அணுக்கள் அவற்றை அடக்கும். நின்றதும் அந்த அடக்குதல் தளர்ந்து, இறுக்கும் கட்டளை தண்டுவடம் வழியே வலுவாகப் போகிறது. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பும் தளர, துடிப்பு கூடுகிறது. எல்லாம் சில நொடிகளில் முடியும் அற்புதமான ஏற்பாடு!

அப்பாவின் முகுளம் நன்றாகவே இருக்கலாம். பல வருட இனிப்பு நீர், கட்டளை போகும் நரம்புகளைச் சிதைத்திருக்கக்கூடும். பிரஷருக்கோ புரோஸ்டேட்டுக்கோ தரப்படும் பிராசோசின், டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளோ கட்டளை வந்தாலும் குழாய் இறுகாமல் தடுக்கும். எது காரணம் என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம்.

காலையில் 5 நிமிடம் படுக்க வைத்து பிரஷரும் நாடித்துடிப்பும் எடுங்கள். நிற்க வைத்து 1ஆம், 3ஆம் நிமிடங்களில் மறுபடி எடுங்கள். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். தொங்கினால் அளவு பொய்யாகக் கூடும், இறக்கம் மறைந்துவிடும். ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் நம் சந்தேகம் சரி. மேல் அளவு 30 இறங்கியும் துடிப்பு 15கூடக் கூடவில்லை என்றால் நரம்புக் கோளாறு. நன்றாகக் கூடினால் மாத்திரையோ நீர்ச்சத்துக் குறைவோ. இதயத் துடிப்பைக் கூடவிடாத பிசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எழுதிய தாளோடும் எல்லா மாத்திரைகளோடும் டாக்டரைப் பாருங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையையோ நேரத்தையோ மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். அதுவரை கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் உட்கார்ந்து, குதிகாலை 20 தடவை ஏற்றி இறக்கிய பிறகே அவர் எழட்டும். கட்டிலருகே சிறுநீர் பாட்டில் வைப்பது இன்னும் நல்லது. கண் இருட்டினால் உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ 999ஐ அழையுங்கள்.