பைத்தானுக்குள் ஷெல் கட்டளை: வாசகர் கேள்வி-பதில்

பாயான் லெப்பாஸ் வாசகர்: ஓஎஸ்.சிஸ்டம் வழியாக 'சிடி' கொடுத்து ஃபோல்டர் மாறுகிறேன். அடுத்த வரியில் பழைய ஃபோல்டரிலேயே நிற்கிறது. ஏன்?

மாறியது நீங்கள் திறந்த ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) மட்டும். அந்த வரி முடிந்ததும் ஷெல்லும் முடிந்தது. சப்பிராசஸ்.ரன் எழுதி, சிடபிள்யூடி என்ற இடத்தில் ஃபோல்டர் பாதையைக் கொடுங்கள்.

செந்தூல் வாசகர்: டியூஷன் சென்டர் பரிசளிப்புக்கு 300 சான்றிதழ்கள். எக்ஸ்செல்லிலிருந்து பெயரை எடுத்து, எஃப்-ஸ்ட்ரிங்கில் (பெயரைச் சரத்துக்குள் நுழைக்கும் பைத்தான் முறை) கட்டளை கோத்து, ஷெல் வழியாக ஓட ஷெல்=ட்ரூ போட்டு, இன்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் பிடிஎஃப் ஆக்குகிறேன். கோப்புக்குப் பெயரே மாணவர் பெயர்தான். முக்கால்வாசி வரவில்லை. பெயரைச் சுற்றி ஒற்றை மேற்கோள் போட்டும் பலனில்லை.

எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதே தவறுதான். கட்டளையை ஒரே சரமாகக் கோக்காதீர்கள், பட்டியலாகக் கொடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.

உங்களிடம் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. முதலாவது, நம்மவர் பெயரில் மகன், மகள் என்பதற்கு வரும் ஏ/எல், ஏ/பி. அந்தச் சாய்கோட்டை லினக்ஸ் ஃபோல்டர் பிரிப்பாகவே படிக்கும். இல்லாத ஃபோல்டரைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிடும். மேற்கோள் போட்டாலும் பட்டியலாக்கினாலும் இது தீராது. கோப்புக்கு மாணவர் எண்ணை வையுங்கள்; பெயர் சான்றிதழுக்குள் இருந்தால் போதும்.

இரண்டாவது, டி'குரூஸ் போன்ற பெயர். நீங்கள் திறந்த ஒற்றை மேற்கோளை 'டி'க்குப் பின்னால் வரும் குறி மூடிவிடுகிறது. கடைசியில் நீங்கள் போட்ட குறி புதிதாக ஒன்றைத் திறக்கிறது. அதை மூட ஆளில்லை. ஷெல் பிழை காட்டி விலகிவிடும். இதோடு போனால் தேவலை. படிவத்தில் யாராவது பெயருக்குப் பின் மேற்கோளை மூடி, அரைப்புள்ளி போட்டு, ஹோம் ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைத் தட்டியிருந்தால் ஷெல் அதையும் ஓட்டும். பிறர் தட்டச்சு செய்த எதையும் ஷெல்லிடம் கொடுக்காதீர்கள்.

எழுத வேண்டியது இப்படி: ["இன்க்ஸ்கேப்", "12.எஸ்விஜி", "--எக்ஸ்போர்ட்-ஃபைல்நேம்=12.பிடிஎஃப்"]. கட்டளைக்கு ஓர் உருப்படி, ஒவ்வொரு ஆர்கியூமென்டுக்கும் ஓர் உருப்படி. சமக்குறியோடு வருவது முழுவதும் ஒன்றுதான். இடைவெளி, மேற்கோள், $ எல்லாம் வெறும் எழுத்தாக இன்க்ஸ்கேப்பைப் போய்ச் சேரும். உள்ளே கூடுதல் மேற்கோள் போட்டால் அதுவும் கோப்புப் பெயரில் ஒட்டிக்கொள்ளும். ஷெல்=ட்ரூவை நீக்க மறக்காதீர்கள். பட்டியலோடு அதுவும் இருந்தால் லினக்ஸில் முதல் உருப்படி மட்டும் கட்டளையாக ஓடும். மற்றவை ஷெல்லின் கணக்கில் போய்விடும்.

ஷெல் இல்லாமல் முடியவே முடியாது என்றால், பைத்தானின் ஷெலெக்ஸ்.கோட் கொண்டு பெயரைப் பொதியுங்கள். அப்போதும் ஹைஃபனில் தொடங்கும் கோப்புப் பெயரை இன்க்ஸ்கேப் ஆப்ஷன் என்றே எண்ணும், முன்னால் ./ சேருங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: புரோகிராம் ஓடவில்லை. அவசரம்.

என்ன கட்டளை, என்ன பிழைச் செய்தி, எந்தப் பதிப்பு? மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் எதை வைத்துச் சொல்வது? ரன்னில் செக்=ட்ரூ, கேப்சர்_அவுட்புட்=ட்ரூ, டெக்ஸ்ட்=ட்ரூ சேருங்கள். பிழை வந்தால் அதைப் பிடித்து, அதிலுள்ள எஸ்டிடிஎர்ரை (கட்டளை எழுதிய பிழைச் செய்தி) நீங்களே பிரின்ட் செய்யுங்கள். பைத்தான் தானாகக் காட்டாது. முடிவு எண்ணாக ஷெல் வழியாக 127 வந்தால் கட்டளையே இல்லை, 126 வந்தால் ஓட்ட அனுமதி இல்லை. பட்டியலாகக் கொடுத்து -9 வந்தால் வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். சின்ன சர்வர் என்றால் முதலில் மெமரியைப் பாருங்கள். இவற்றோடு மறுபடி எழுதுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: சிறிய கோப்புக்கு ஓடுகிறது, பெரியதற்கு அப்படியே உறைகிறது. போபென், பைப், பிறகு வெயிட்.

கட்டளையின் வெளியீட்டை உங்களிடம் கொண்டுவரும் பைப் கொள்வது சுமார் 64 கேபி. அது நிறைந்ததும், யாராவது படிக்கட்டும் என்று கட்டளை நிற்கிறது. கட்டளை முடியட்டும் என்று நீங்கள் நிற்கிறீர்கள். வெயிட்டுக்குப் பதில், படித்துக்கொண்டே காத்திருக்கும் கம்யூனிகேட். முடிந்தவரை ரன்னோடு நில்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: கையால் ஓட்டினால் சரி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடாது. சில நாள் ஓடினாலும் அதிகாலை 2 மணி பேக்கப் காலை 10க்கு நடக்கிறது.

கிரானுக்குத் தெரியும் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) பெரும்பாலும் இரண்டே ஃபோல்டர்தான். 'விச்' கொடுத்துக் கட்டளையின் முழுப் பாதையைக் கண்டுபிடித்து அதையே எழுதுங்கள். நேரக் குழப்பத்துக்குக் காரணம் சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருப்பது. மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னால். இங்கே அதிகாலை 2 என்றால் அங்கே முந்தைய நாள் 18 மணி. கிழமை குறித்திருந்தால் அதையும் ஒரு நாள் பின்னுக்குத் தள்ளுங்கள். அனுப்பிய வரியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிறது. அதே சர்வரில், ஓடும் கட்டளைகளைக் காட்டும் 'பிஎஸ்' தட்டும் மற்றவர் கண்ணிலும் அது படலாம். 600 அனுமதியுள்ள (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத முடியும்) கோப்புக்கு மாற்றுங்கள், பாஸ்வேர்டையும் இன்றே மாற்றுங்கள்.

கெப்போங் வாசகர்: டைம்அவுட் 60 விநாடி. நேரம் முடிந்த பின்னும் எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாற்றும் கருவி) ஓடுகிறது.

உங்கள் வரியில் ஷெல்=ட்ரூவும் நடுவில் | குறியும் இருக்கின்றன. டைம்அவுட் கொன்றது ஷெல்லை மட்டும். அது பெற்ற பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கும் பட்டியலாகக் கொடுங்கள். பைப் தேவையென்றால் போபெனில் ஸ்டார்ட்_நியூ_செஷன்=ட்ரூ போட்டு, நேரம் கடந்ததும் ஓஎஸ்.கில்பிஜி கொண்டு குழுவையே நிறுத்துங்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: கோப்பிலுள்ள மாறிகளை ஏற்ற, டெர்மினலில் 'சோர்ஸ்' ஓடுகிறது. ஷெல்=ட்ரூவில் 'அப்படி ஒன்று இல்லை' என்கிறது.

டெர்மினலில் இருப்பது பேஷ் என்ற ஷெல். ஷெல்=ட்ரூ அழைப்பது எஸ்ஹெச்; உபுண்டுவிலும் டெபியனிலும் அது டாஷ் என்ற வேறு ஷெல். டாஷுக்கு சோர்ஸ் தெரியாது, ஒற்றைப் புள்ளிதான் தெரியும். அப்படி ஏற்றினாலும் அந்த மாறிகள் ஷெல்லோடு போய்விடும். சூழல் மாறிகள் உள்ள ஓஎஸ்.என்விரானைப் பிரதி எடுத்து, வேண்டியதை அதில் சேர்த்து, என்வி=இல் கொடுங்கள்.